ஏரும் வாளும்: கான்சாகிபு வரலாற்றெழுத்து குறித்து ஒரு மதிப்பீடு

ஒரு சமூகம் தன் மூதாதையரைத் தேடப் புகும்போது அதன் கைக்கு முதலில் அகப்படுபவர்கள் போர்க்களம் கண்டவர்களே. ஏரைப் பிடித்து வாழ்ந்து மறைந்தவர்களை ஆவணங்கள் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. ஏரை விட்டு ஈட்டியையோ துப்பாக்கியையோ எடுத்தவர்களையே அவை குறித்து வைக்கின்றன. ஆகவே, உழவர் குடியில் பிறந்து போர்வீரராக மாறிய ஒருவரின் வாழ்வை மீட்டெடுக்க முனையும் ஆய்வாளர் இரட்டைச் சிக்கலை எதிர்கொள்கிறார். அம்மனிதரின் முற்பாதி வாழ்வு எவராலும் எழுதப்படாதது. பிற்பாதி வாழ்வோ அவருடைய எசமானர்களாலும் எதிரிகளாலும் எழுதப்பட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் இச்சிக்கலுக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு முகம்மது யூசுப் கான். மதுரை வட்டார மக்கள் அவரைக் கான்சாகிபு என அழைத்தனர். பேச்சு வழக்கில் அது கான்சா எனச் சுருங்கிற்று. இன்றைய தலைமுறை அவரை மருதநாயகம் என்னும் பெயரால் அறியும். இராமநாதபுரச் சீமையின் பனையூரில் வேளாண் குடியில் 1725ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர், இளமையில் ஊரை விட்டு வெளியேறி இஸ்லாத்தைத் தழுவியவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைகளுக்குத் தளபதியானவர், மதுரையையும் திருநெல்வேலியையும் ஆண்டவர், இறுதியில் அக்கம்பெனியையே எதிர்த்து நின்று 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டவர் என்பன அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்திகள். இவற்றுள் எவை உறுதியானவை, எவை வழக்காறு, எவை பிற்காலத்தார் தம் தேவைக்கேற்ப வனைந்தவை என்று பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வாறு பிரித்தறியும்போது தமிழ் முஸ்லிம்களாகிய நம்முடைய எழுத்து மரபின் மீதும் சில கடுமையான கேள்விகள் எழுகின்றன. அவற்றைத் தவிர்த்துவிட்டுச் செல்ல நாம் விரும்பவில்லை.

எது உள்நாட்டுப் போர்?

பாடநூல்கள் அக்காலப் போர்களைக் கர்நாடகப் போர்கள் எனப் பெயரிட்டு ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையிலான பூசலாகக் காட்டுகின்றன. இது ஐரோப்பாவிலிருந்து பார்க்கும் பார்வை. இம்மண்ணிலிருந்து பார்த்தால் அது ஆற்காட்டு நவாப் பதவிக்காக இரு குடும்பங்கள் நடத்திய வாரிசுரிமைப் போர். முழுப்பொருளில் உள்நாட்டுப் போர். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்க் களத்தில் நவாப் அன்வருத்தீன் வீழ்ந்தார். அவருடைய மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளியில் தஞ்சம் புகுந்தார். அவருக்கு எதிராக நின்ற சந்தா சாகிபு 1752இல் திருவரங்கத்தில் வீழ்ச்சியுற்றுக் கொல்லப்பட்டார். இரு தரப்புத் தலைவர்களும் முஸ்லிம்கள். இரு தரப்புக்கும் ஐரோப்பியத் துணை. இரு தரப்புக் காலாட்களும் இந்நாட்டுக் குடியானவர்கள்.

தென்பாண்டி நாட்டில் இப்போர் மேலும் சிக்கலான வடிவம் கொண்டது. சந்தா சாகிபு தெற்கே விட்டுச்சென்ற மியானா, முடேமியா, நபிகான் கட்டாக் ஆகிய பட்டாணியத் தலைவர்கள் நவாப் முகம்மது அலிக்குப் பணிய மறுத்தனர். நெற்கட்டுஞ்செவல் பாளையக்காரர் பூலித்தேவர் அவர்களோடு கைகோத்தார். நவாபின் தமையன் மாபூஸ்கானே பின்னர் தம்பிக்கு எதிராகத் திரும்பிப் பூலித்தேவர் அணியோடு உறவு கொண்டார். 1756இல் திருநெல்வேலிக்கு அருகே நடந்த போரில் முடேமியா பாளையக்காரர் தரப்பில் நின்று உயிர்நீத்தார். அதே ஆண்டில்தான் கம்பெனி யூசுப் கானைத் தெற்கே அனுப்பியது.

ஆகவே பூலித்தேவருக்கும் கான்சாகிபுவுக்கும் இடையே நடந்ததை இந்து – முஸ்லிம் போராகக் காட்டும் எழுத்து, எந்தத் தரப்பிலிருந்து வந்தாலும், முதல் சோதனையிலேயே தோற்றுப்போகிறது. முஸ்லிம்கள் எல்லா அணிகளிலும் இருந்தனர். மறவரும் கள்ளரும் வேளாளரும் நாயக்கரும் அவ்வாறே எல்லா அணிகளிலும் இருந்தனர். இஸ்லாமிய வரலாற்று மரபு இத்தகைய போரை ஃபித்னா என்று குறிக்கும். சோதனை என்பதே அச்சொல்லின் வேர்ப்பொருள். எவர் பக்கம் நீதி என்பது தெளிவாகப் புலப்படாத நிலையில் மனிதர்கள் அணி பிரிவதை அச்சொல் உணர்த்துகிறது. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்களை எழுதிய தபரி, முரண்பட்ட அறிவிப்புகளை அருகருகே வைத்தார்; தமக்கு வந்தடைந்தவாறே அவற்றைத் தருவதாக முன்னுரையில் தெரிவித்தார். அந்த நேர்மை நமக்கு அந்நியமானதன்று; நம் அறிவு மரபின் சொத்து.

நான்கு சாட்சிகள்

ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியை இருமுறை சோதிப்பர். அறிவிப்பாளர் தொடராகிய சனதைச் சோதிப்பது ஒன்று. செய்தியின் உள்ளடக்கமாகிய மத்னைச் சோதிப்பது மற்றொன்று. வரலாற்றுச் செய்தியை அதன் உள்ளடக்கத்தின் நடப்பியல் சாத்தியத்தைக் கொண்டும் அளக்க வேண்டும் என்று இப்னு கல்தூன் முகத்திமாவில் வலியுறுத்தினார். கான்சாகிபு பற்றிய முதன்மைச் சாட்சிகளை இந்த அளவுகோலில் நிறுத்திப் பார்ப்போம்.

முதல் சாட்சி இராபர்ட் ஓர்ம். கம்பெனியின் போர்களைப் பற்றி இவர் எழுதிய பெருநூலின் முதல் தொகுதி 1763இலும் அடுத்தது 1778இலும் வெளிவந்தன. நிகழ்ச்சிகளுக்கு மிக அண்மையில் வாழ்ந்தவர்; சென்னை ஆலோசனைக் குழுவிலேயே அமர்ந்தவர்; ஆவணங்களைக் கையாண்டவர். திருச்சிராப்பள்ளி முற்றுகையில் யூசுப் கான் காட்டிய திறம், 1758 – 59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது அவர் வெளியிலிருந்து பகைவரை அலைக்கழித்தமை ஆகியவற்றை ஓர்ம் வழியாகவே அறிகிறோம். ஆனால் ஓர்மின் கதை 1761இல் நின்றுவிடுகிறது. அவருடைய பக்கங்களில் வருபவர் கம்பெனியின் உண்மை ஊழியர் மட்டுமே. கம்பெனியை எதிர்த்தவர் அங்கே இல்லை.

இரண்டாவது சாட்சி நவாபின் அவை. வாலாஜா குடும்பத்தின் வரலாறாகப் பாரசீகத்தில் புர்ஹான் இப்னு ஹசன் எழுதிய துஸக்கே வாலாஜாஹியைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீக, உருதுத் துறையை வழிநடத்திய எஸ். முகம்மது ஹுசைன் நயினார் 1930களில் ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தார். தமிழ் முஸ்லிம் ஒருவர் தமிழக வரலாற்றுக்கு ஆற்றிய பெருந்தொண்டுகளுள் இது ஒன்று. நம் இதழ்கள் இதனைப் போதிய அளவு நினைவுகூர்வதில்லை. எனினும் அந்நூலின் மையம் நவாப் குடும்பத்தின் பெருமை. அரசவை எழுத்தர் தம் புரவலரின் பகைவரைப் பற்றி எழுதுவதை நடுநிலைச் சாட்சியமாகக் கொள்ள இயலாது.

மூன்றாவது சாட்சி எஸ்.சி. ஹில். இந்திய அரசின் ஆவணக் காப்பகத்தில் பொறுப்பு வகித்த இவர் 1914இல் யூசுப் கானுக்கென ஒரு தனி வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். இன்றுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் ஹில்லின் தோளின் மீதே நிற்கின்றன. உழைப்பிலும் ஒழுங்கிலும் குறைகாண முடியாத நூல் அது. நாயகர்மீது பரிவும் உண்டு. ஆனால் கலகத் தளபதி என்று அவர் சூட்டிய தலைப்பிலேயே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. யாருக்கு எதிரான கலகம்? யூசுப் கானுக்குப் பதவி தந்ததும், அவரிடமிருந்து குத்தகைப் பணத்தை எதிர்பார்த்ததும் கம்பெனி. அவர்மீது ஆட்சியுரிமை கோரியவர் நவாப். அந்த நவாபைச் சட்டப்படியான ஆட்சியாளர் என ஏற்று எழுதியதோ 1763இல் ஐரோப்பிய அரசுகள் பாரிசில் செய்துகொண்ட உடன்படிக்கை. இம்மண்ணின் குடிகள் எவரும் அந்த ஏட்டில் கையெழுத்திடவில்லை. கலகம் என்னும் சொல்லைப் பயன்படுத்துமுன் இதனை ஹில் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

நான்காவது சாட்சி நாட்டார் பாடல். கான்சாகிபு சண்டை என்னும் கதைப்பாடலைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்து 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நவாபுக்கும் கம்பெனிக்கும் கணக்குக் கொடுக்க வேண்டிய தேவை இதைப் பாடியவர்களுக்கு இல்லை. அதுவே இதன் வலிமை. ஆனால் கதைப்பாடலுக்கென ஓர் இலக்கணம் உண்டு: வீரன், பகை, காட்டிக்கொடுப்பு, வீழ்ச்சி, புலம்பல். கட்டபொம்மனுக்கும் அதே அச்சு. கான்சாகிபுவுக்கும் அதே அச்சு. பாடல் அவரை எவ்வாறு நினைவில் வைத்தது என்பதற்கு அது முதல்தரச் சான்று. நிகழ்ந்தது என்ன என்பதற்குத் துணைச் சான்று மட்டுமே.

இந்நால்வருக்கும் பொதுவான ஒன்று உண்டு. நால்வருமே தளபதியைக் காண்கின்றனர். உழவர் மகனைக் காணவில்லை. கம்பெனி ஏடுகளில் அவர் முகம்மது யூசுப். பனையூர்ப் பிறப்பும் மருதநாயகம் என்னும் பெயரும் வழக்காற்றின் வழியே வந்தவை. ஹதீஸ் கலையின் சொல்லில் கூறினால் அவை முன்கதிஃ, தொடர் முறிந்த செய்திகள். தொடர் முறிந்தது என்பதாலேயே ஒரு செய்தி பொய்யாகிவிடாது. ஆயின் அதன் மீது மாளிகை எழுப்பவும் கூடாது. சிலர் அவருடைய சாதியையும் குலப்பிரிவையும் உறுதிபட எழுதி, அதன்மேல் பெருமிதக் கோபுரம் கட்டுகின்றனர். அடித்தளம் அந்தப் பாரத்தைத் தாங்காது.

இரண்டாக வெட்டப்பட்ட வாழ்வு

இனி நம் காலத்து எழுத்துகளுக்கு வருவோம். விடுதலைப் போரில் முஸ்லிம்களின் பங்கை எடுத்துரைக்கும் தொகுப்பு நூல்களும் மலர்களும் கடந்த சில பத்தாண்டுகளில் தமிழில் நிறையவே வெளிவந்துள்ளன. மறைக்கப்பட்டதை வெளிக்கொணரும் நியாயமான வேட்கையிலிருந்து அவை பிறந்தன; அத்தேவையை நாம் மறுக்கவில்லை. இவற்றில் பலவும் கான்சாகிபுவுக்கு முன்வரிசையில் இடம் தருகின்றன. ஆனால் அவருடைய வரலாற்றை அவை எங்கே தொடங்குகின்றன என்று பாருங்கள். 1763இல், மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறிய நாளிலிருந்து தொடங்குகின்றன. அதற்கு முந்தைய பத்தாண்டுகளும் ஓரிரு வாக்கியங்களில் கடந்துவிடுகின்றன.

அந்தப் பத்தாண்டுகளில் நிகழ்ந்தவை எவை? 1755இல் கர்னல் ஹெரான் தெற்கே நடத்திய படையெடுப்பில் யூசுப் கான் உடன்சென்றார். 1756 முதல் பாளையக்காரர்களை அடக்கும் பணி அவர் தோளில் ஏறியது. 1759 டிசம்பரில் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கித் தோற்றார். 1761 மே மாதத்தில் நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் அவர் வசமாயின. கம்பெனிக்கும் நவாபுக்கும் கப்பம் கட்ட மறுத்த பூலித்தேவரின் அதிகாரம் அத்துடன் முறிந்தது. முறித்தவர் நம் நூல்கள் விடுதலை வீரர் என்று போற்றும் அதே மனிதர்.

மறுபுறம் பூலித்தேவரின் வீரத்தைப் போற்றும் நூல்கள் இருக்கின்றன. அவை கான்சாகிபுவைக் கம்பெனியின் கைக்கூலியாகக் காட்டி 1761இல் கதையை முடித்துவிடுகின்றன. 1763 – 64இல் அதே மனிதர் கம்பெனிப் படையையும் நவாப் படையையும் ஓராண்டுக்கு மேல் மதுரைக் கோட்டைக்கு வெளியே நிறுத்திவைத்ததையும், 1764 ஜூனில் நடந்த பெருந்தாக்குதலை முறியடித்ததையும் அவை பேசுவதில்லை. நேரடிப் போரில் வெல்ல இயலாத பகைவர், முற்றுகைப் பட்டினிக்கும் சதிக்கும் திரும்பியதையும் அவை சொல்வதில்லை. அக்டோபர் 13 அன்று திவான் சீனிவாசராவ், பிரெஞ்சுத் தலைவர் மார்ச்சண்ட், மருத்துவர் பாபா சாகிபு ஆகியோர் கூடி அவரைப் பிடித்துக் கொடுத்தனர். ஓர் இந்து, ஒரு கிறிஸ்தவர், ஒரு முஸ்லிம்: துரோகத்துக்கும் மதம் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒரு தரப்பு நூல் முடியும் இடத்தில் மறுதரப்பு நூல் தொடங்குகிறது. ஒரே மனிதரின் வாழ்வை இரு துண்டாக வெட்டி ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டோம். இரண்டையும் சேர்த்து வாசிக்கும் துணிவு இரு தரப்புக்கும் வரவில்லை. 1997இல் இங்கிலாந்து அரசியார் முன்னிலையில் தொடங்கப்பெற்ற மருதநாயகம் திரைப்படம் அவர் பெயரைத் தமிழகமெங்கும் பரப்பிற்று, படம் நிறைவுறவில்லை. எழுத்திலும் அவர் அவ்வாறே நிறைவுறாதவராக நிற்கிறார்.

இங்கே ஓர் எதிர்வினை எழக்கூடும். ஒரு சிறுபான்மைச் சமூகம் தன் நாட்டுப்பற்றை நாள்தோறும் மெய்ப்பிக்குமாறு நெருக்கப்படும்போது, தன் வீரர்களின் பலவீனத்தைத் தானே எடுத்துரைக்க வேண்டுமா என்று சிலர் கேட்பர். இக்கேள்வியின் வலியை நாம் உணர்கிறோம். ஆயினும் பாதியை மறைத்துக் கட்டிய பெருமையை எதிர்த்தரப்பு ஒரே வரியில் தகர்த்துவிடும். 1761 என்னும் ஓர் ஆண்டைச் சொன்னால் போதும். முழு உண்மையின் மீது கட்டிய மதிப்பீட்டை அவ்வாறு தகர்க்க இயலாது. உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாயினும் நீதிக்குச் சாட்சி பகருங்கள் என்ற குர்ஆனின் கட்டளை மூதாதையருக்கும் பொருந்தும்.

பெயர்கள் விரிக்கும் வலை

மூதாதையரைத் தேடுவோர் அதிகம் ஏமாறுவது பெயர்களிடத்தில். கான்சாகிபு வரலாற்றில் இரண்டு பனையூர்கள் வருகின்றன. ஒன்று இராமநாதபுரச் சீமையில் அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் ஊர். மற்றொன்று பூலித்தேவரிடமிருந்து அவர் 1761இல் கைப்பற்றிய கோட்டை. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, பிறந்த ஊரையே அவர் தாக்கினார் என்று எழுதினால் உருக்கமான கதை கிடைக்கும், வரலாறு கிடைக்காது. பனை மிகுந்த நாட்டில் பனையூர்கள் பல இருப்பது வியப்பன்று.

விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடியில், வத்திராயிருப்பை அடுத்துக் கான்சாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. மதுரை நகரில் கான்சாமேட்டுத் தெருவும் கான்சாபாளையமும் இருக்கின்றன. கான்சாகிபு என்பது பலருக்கும் வழங்கிய பட்டம். ஆங்கில ஆட்சியில் அது அரசு வழங்கும் விருதாகவும் ஆயிற்று. ஆகவே ஊர்ப்பெயர் ஒன்றே முடிவான சான்றாகாது. ஆனாலும் கான்சாபுரம் அமைந்துள்ள இடம் கருதத்தக்கது. மதுரையிலிருந்து திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம், சிவகிரி வழியாக வாசுதேவநல்லூருக்கு இறங்கும் மலையடிப் பாதைதான் யூசுப் கான் காலத்துப் படைகள் நடந்த பாதை. ஸ்ரீவில்லிபுத்தூர் அப்பாதையின் முதன்மைக் கோட்டை. நவாப் தரப்புக்கும் பாளையக்காரர் தரப்புக்கும் இடையே அது கைமாறியது. யூசுப் கானின் படைக்குத் தளமாகவும் இருந்தது. ஊர்ப்பெயர் ஒரு வினாவைத் தொடுக்கிறது. விடையை நில ஆவணங்களில்தான் தேட வேண்டும்.

இராவுத்தர் என்னும் சொல்லிலும் இதே எச்சரிக்கை தேவை. குதிரை வீரர் என்பது அதன் பொருள். அதனாலேயே அப்பெயர் தாங்கிய குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு குதிரைப்படைத் தலைவரின் வழிவந்தது என்று முடிவு கட்டுவது பொருந்தாது. ஏரும் கமலையும் மாட்டுத் தரகும் கொடிக்காலும் கொண்டு வாழ்ந்த இராவுத்தர்கள் பலர். அவர்களுடைய வாழ்வு எவ்வகையிலும் குறைந்ததன்று. உழவரை மறைத்து வீரரை மட்டும் மூதாதையாக்கிக் கொள்வதில் ஒரு நுண்ணிய தாழ்வு மனப்பான்மை ஒளிந்திருக்கிறது.

கரிசல் நிலத்தின் பெயரற்றோர்

இன்று விருதுநகர், சிவகாசி, சாத்தூர் என்றதும் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சகமும் நினைவுக்கு வருகின்றன. இத்தொழில்கள் 1920களில் தொடங்கியவை. வானம் பார்த்த நிலம் வயிற்றைக் கைவிட்டதே குடியானவர்களை மருந்துக் கூடங்களுக்கு அனுப்பிற்று. அதற்கு முன் இது கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்த கரிசல் பூமி. கண்மாய் நிறைந்தால் நெல்; நிறையாவிட்டால் பஞ்சம். பாளையக்காரர்களுக்குக் கூலிப்படை தனியாக இருக்கவில்லை. காவல் மானியமாகப் பெற்ற நிலத்தை உழுதவர்களே அழைப்பு வந்தால் வல்லயத்தையும் வளரியையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டனர். மறுபக்கம் யூசுப் கான் பயிற்றுவித்த சிப்பாய்களிலும் பலர் நேற்றுவரை ஏர் பிடித்தவர்களே. களத்தில் எதிரெதிரே நின்றவர்கள் ஒரே மழையை எதிர்பார்த்து வாழ்ந்தவர்கள்.

இந்நிலையில் கான்சாகிபுவின் ஆட்சியை எவ்வாறு மதிப்பிடுவது? 1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குத்தகையாக அவரிடம் கம்பெனி ஒப்படைத்தது. பின்னர் 7 லட்சம் தரவும் அவர் முன்வந்தார். அவர் குளங்களையும் கோட்டைகளையும் பழுதுபார்த்தார், கொள்ளையை ஒடுக்கினார், நெசவாளரையும் வணிகரையும் ஆதரித்தார், மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய வருவாயை மீட்டளித்தார் என்று அவரைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுகின்றனர். 1783இல் இப்பகுதியில் படை நடத்திய கர்னல் புல்லர்ட்டன், கான்சாகிபு இறந்து இருபதாண்டுகள் ஆன பின்னும் அவருடைய நிர்வாகத்தையே முன்மாதிரியாகப் புகழ்ந்தார். பகைத்தரப்பு அதிகாரி தரும் இப்பாராட்டு வலுவான சான்று. உழவின் அருமை அறிந்த மனம் கண்மாயின் கரையைக் கவனித்தது என்று கருத இடமுண்டு.

ஆனால் 5 லட்சமும் 7 லட்சமும் யாருடைய களத்திலிருந்து வந்தன என்றும் கேட்க வேண்டும். அத்தொகை கரிசலிலும் தாமிரபரணிக் கரையிலும் விளைந்தது. குத்தகைதாரர் நல்லவராயினும் குத்தகை முறை உழவரின் தலைமீதே நின்றது. அடுத்த அரை நூற்றாண்டில் தென்னாட்டை முழுதும் விழுங்கிய கம்பெனி வரிவசூல் ஆட்சிக்கு இக்குத்தகை ஆண்டுகள் ஒரு முன்னோட்டம். உழவர் குடியில் பிறந்த ஒருவர் அம்முறையின் திறமைமிக்க கருவியாக இருந்தார் என்பது அவர் வாழ்வின் பெருமுரண். அம்முறை தம்மையும் நவாபின் கைக்குள் தள்ள முனைந்தபோதே அவர் எதிர்த்து எழுந்தார். அந்த எழுச்சியின் வீரம் மெய். அதன் தொடக்கம் தன் அதிகாரத்தைக் காத்துக்கொள்ளும் போராட்டம் என்பதும் மெய்.

இம்மாவட்டத்துக் குடும்பங்கள் தங்கள் மூதாதையரைத் தேடும்போது கவனிக்க வேண்டிய ஒன்றையும் இங்கே கூறுவது தகும். ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் வட்டங்கள் 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமையும்வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. விருதுநகரும் 1923 வரை விருதுபட்டி என்றே வழங்கியது. தனி மாவட்டம் உருவானது 1985இல். ஆகவே பழைய செய்திகள் திருநெல்வேலித் தலைப்பின் கீழ்க் கிடக்கின்றன. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள 1860களின் இனாம் பதிவேடுகள் பள்ளிவாசல், தர்கா, கோயில், காவல் மானியங்கள் யாரிடமிருந்து யாருக்கு வந்தன என்று விசாரித்து எழுதப்பட்டவை. வீரக் கதைகளில் கிடைக்காத உழவர் பெயர்கள் அவற்றில் கிடைக்கும். ஜமாஅத்துகள் தம் பழைய ஏடுகளையும் நிலப் பத்திரங்களையும் கரையானுக்கு விடாமல் காத்தால் அதுவே இத்துறைக்கு ஆற்றும் முதல் தொண்டாகும்.

எவ்வாறு நினைவுகூர்வது?

மதுரைச் சம்மட்டிபுரத்தில் கான்சாகிபு அடக்கத்தலத்தின் மீது 1808இல் ஷேக் இமாம் என்பவர் சிறு பள்ளிவாசல் ஒன்றை எழுப்பினார். உடலைத் துண்டுகளாக்கி வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினர் என்று வழக்காறு கூறுகிறது. இறந்தபின்னும் அம்மனிதரைக் கண்டு ஆட்சியாளர் அஞ்சினர் என்பதே அக்கதையின் உட்பொருள். அவர் வாழ்வையும் அவ்வாறே பகிர்ந்து அனுப்பிவிட்டோம்: ஒரு பகுதி கம்பெனி வரலாற்றுக்கு, ஒரு பகுதி சாதிப் பெருமைக்கு, ஒரு பகுதி சமயப் பெருமைக்கு, ஒரு பகுதி திரைக்கு.

இவற்றை ஒன்றுசேர்க்கும் வாழ்க்கை வரலாறு தமிழில் எழுதப்பட வேண்டும். அது ஓர்மையும் ஹில்லையும் கதைப்பாடலையும் நயினார் தந்த பாரசீக மூலத்தையும் எதிரெதிரே நிறுத்தி விசாரிக்க வேண்டும். 1761ஐயும் 1764ஐயும் ஒரே நூலின் இரு இயல்களாக எழுதும் நெஞ்சுரம் அதற்கு வேண்டும். பூலித்தேவரின் மக்களையும் கான்சாகிபுவின் சிப்பாய்களையும் ஒரே இரக்கத்தோடு நோக்க வேண்டும். அந்நூலை ஒரு முஸ்லிம் எழுதினால் அதில் நெற்கட்டுஞ்செவல் இயல் மிகுந்த கவனத்தோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். மறவர் குடியினர் ஒருவர் எழுதினால் மதுரை முற்றுகை இயல் அவ்வாறு அமைய வேண்டும்.

கான்சாகிபுவை நம் மூதாதையர் வரிசையிலிருந்து நீக்கச் சொல்லவில்லை. அவரை முழுமையாக ஏற்கச் சொல்கிறோம். கம்பெனிக்காக வென்றவரும் கம்பெனியிடம் தோற்றவரும் ஒருவரே என்று ஏற்பதால் அவர் சிறுத்துவிடமாட்டார். ஓர் உள்நாட்டுப் போர் ஓர் உழவர் மகனை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கிச் சென்று எங்கே கைவிடும் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. அந்தப் போரில் இரு பக்கமும் மடிந்து, பாடலிலும் பதிவேட்டிலும் பெயரின்றிப் போன குடியானவர்கள் அவரைவிட எண்ணிக்கையில் மிகுந்த மூதாதையர். அவர்களுக்கான பங்கையும் தரும் நூலே நீதியான நூலாகும்.